எழுதும்போது கை நோகும் குழந்தைகள்

தம்பானூரில் இரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் அடுத்த தெருக்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அந்தி நேரத்துக் காட்சி ஒன்றுண்டு. பள்ளியினின்று திரும்பிய குழந்தை மலையாளத்தில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், இந்தியில் ஒரு பக்கம் எழுதி முடிக்கிறது. அதன்பின் நாம் தமிழ் ஏட்டை விரித்து வைக்கிறோம். "கை வலிக்கிறது அப்பா" என்கிறது குழந்தை. "சோம்பல்" என்கிறோம் நாம். பிறமாநிலத்தில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் இதுவே நடைபெறுகிறது.

நம் இல்லத்திலும் இதுவே நடந்தது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு, மகனின் கோணல் எழுத்து மானக்குறைவாகத் தோன்றிற்று. நாள்தோறும் இரண்டு பக்கம் என்று விதித்தோம். ஒருநாள் அவன், "எனக்குத் தமிழே வேண்டாம்" என்று பென்சிலை வீசினான். அன்றுதான் அவன் கையை எடுத்துப் பார்த்தோம். நடுவிரலில் ஆழ்ந்த தழும்பு. தாளின் பின்புறம் விரலால் தடவினால் எழுத்தெல்லாம் புடைத்திருந்தது. கோளாறு மனத்தில் இல்லை, கையில் இருந்தது.

இதன் காரணங்களைக் காண்போம். மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை சிறிது சிறிதாகவே இறுகுகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே 9 வயதுக்கு மேலும் ஆகலாம். சில குழந்தைகளுக்கு விரல் மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும். பென்சில் நழுவாதிருக்க அவர்கள் அதனை இறுகப் பற்றுவர். இறுகப் பற்றியதால் கை நோகும். கால் தரையில் எட்டாத நாற்காலியும், மார்பளவு உயர்ந்த மேசையும் தோளைத் தூக்கச் செய்து துன்பத்தைப் பெருக்கும். கண்பார்வைக் குறையும், இடக்கைக் குழந்தையை வலக்கைக்கு மாற்றும் வழக்கமும் வேறு காரணங்கள்.

நம் முன்னோர் பிஞ்சுக் கையில் எழுத்தாணியை உடனே கொடுத்துவிடவில்லை. திண்ணைப் பள்ளியில் முதலில் மணல். ஓலை பின்னரே வந்தது. கேரளத்தில் இன்றும் விசயதசமியன்று 'எழுத்தினிருத்து' என்னும் சடங்கில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கின்றனர். மணலில் எழுதும் விரலுக்குப் பிடிக்க வேண்டிய கோலுமில்லை, அழுத்த வேண்டிய தேவையுமில்லை. 1789-இல் சென்னை இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் விடுதியில் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றில் மணல் தட்டுகள் இடம்பெற்றன.

இனி, வீட்டில் செய்யத்தக்கவை. குழந்தையின் பாதங்கள் தரையிலோ பலகையிலோ படியவேண்டும். மேசை முழங்கை மட்டத்தில் இருத்தல் நன்று. தாளைச் சற்றுச் சாய்த்து வைக்கவேண்டும். இடக்கைக் குழந்தைக்கு எதிர்ப்புறமாகச் சாய்க்கவேண்டும். மெல்லிய நீண்ட பென்சிலினும் முக்கோண வடிவிலான தடித்த பென்சில் பிடிக்க எளிது. சுண்ணக்கட்டியோ பென்சிலோ விரற்கடை அளவே உள்ள துண்டாயின், விரல்கள் தாமே சரியான பிடிக்கு வந்துவிடும். மென்மையான கரியுள்ள பென்சில் அழுத்தமின்றி எழுதும். சுவரில் மாட்டிய கரும்பலகையில் நின்றெழுதினால் தோளும் மணிக்கட்டும் வலுப்பெறும். சப்பாத்தி மாவு பிசைதல், பட்டாணி உரித்தல், ஈரத்துணி பிழிதல், பூத்தொடுத்தல் யாவும் கைக்குப் பயிற்சியே. ஐந்து நிமிடம் எழுதினால் ஒரு நிமிடம் கையை உதறி ஓய்வு தரலாம். இரண்டு பக்கம் கிறுக்குவதினும் இரண்டு வரி நோவின்றி எழுதுவதே மேல்.

இவ்வளவு செய்தும் வலி நீங்காவிடின் மருத்துவரிடம் காட்டத் தயங்கலாகாது. கண் பரிசோதனை முதற்படி. கைத்தொழில்வழிச் சிகிச்சையாளர் அடுத்த துணை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987-இல் தொடங்கப்பெற்ற குழந்தை வளர்ச்சி மையம் இத்தகைய ஐயங்களுக்கு அணுகத்தக்க இடம். எழுதுவதில் நீங்காத இடர்ப்பாடு 'டிஸ்கிராஃபியா' எனப்படும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனைப் பெயர் சுட்டியே ஏற்றுள்ளது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், உரிய சான்று பெற்றோர்க்கு மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரமும், எழுதித்தர ஒருவரும் அளிக்க வழிசெய்தன.

ஒன்றை மறவாதிருப்போம். வெளிமாநிலத்தில் தமிழ் குழந்தையின் மதிப்பெண்ணைத் தாங்கி நிற்பதன்று. நம் அன்பைத் தாங்கி நிற்பது. தமிழ் ஏடு வலியின் பெயராகிவிட்டால் பின்னர் அதனை மீட்டல் அரிது. கை தேறும்வரை செவியாலும் வாயாலும் தமிழ் வளரட்டும். கதை சொல்லுவோம், சொல்லக் கேட்போம், அவன் சொல்வதை நாம் எழுதிக் கொடுப்போம். நம் மகன் இன்று பாட்டிக்கு எழுதும் கடிதம் நான்கே வரி. எனினும் அந்நான்கையும் அவன் கேளாமலே எழுதுகிறான்.