குறை விதையிலா, சோதனையிலா?

"மார்கழிப் பட்டத்துக்கு வைத்திருந்த நிலக்கடலை விதையை ஈரச்சாக்கில் சுற்றி முளைப்பு பார்த்தேன். ஐந்தாம் நாள் எண்ணியதில் நூற்றுக்கு 45தான் முளைத்திருந்தது. பல பருப்புகள் அழுகிவிட்டன. வெளியில்தான் விதை வாங்க வேண்டுமா?" என்று திருவண்ணாமலை மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவசரப்பட்டு விதையைச் செக்குக்கு அனுப்பிவிடாதீர்கள். இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள்.

முளைக்க ஈரம் வேண்டும்; காற்றும் வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்த சாக்கில் காற்று புகாது, நல்ல விதையும் அழுகிப்போகும். சாக்கை நனைத்து, நீர் சொட்டாதபடி நன்றாகப் பிழியுங்கள். விரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி நீர் கோக்கக் கூடாது. காயத் தொடங்கினால் லேசாகத் தெளித்தால் போதும்.

அடுத்தது வெப்பம். ஆய்வகத்தில் நிலக்கடலையை 25 டிகிரி அளவில் வைத்து, 10-ம் நாள்தான் கடைசியாக எண்ணுவார்கள். மார்கழிக் குளிரில் முளைப்பு தாமதமாகும். ஐந்தாம் நாளே எண்ணினால் கணக்கு தவறும். சாக்கைச் சமையலறையில், அடுப்பின் அனல் நேரடியாகப் படாத மூலையில் வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் காய் எடுத்து, உரித்து, பொறுக்காமல் 100 பருப்பு எண்ணுங்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விடுங்கள். வேரும் குருத்தும் சீராக வந்தவற்றை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். முனை மட்டும் எட்டிப் பார்ப்பது முளைப்பு ஆகாது.

சான்று விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவிகிதம் இருக்க வேண்டும். உங்களுக்கு 60 வந்தால், ஏக்கருக்கு 50 கிலோ போடும் இடத்தில் 58 கிலோ போடுங்கள். சரியாகச் செய்தும் 50-க்குக் கீழே இருந்தால் விதை மாற்றுவதே நல்லது. கொடி ரகமாக இருந்து, அறுவடையாகிச் சில வாரங்களே ஆகியிருந்தால், அது உறக்கத்தில் இருக்கலாம். சில வாரம் கழித்துச் சோதியுங்கள்.

அடுத்த பட்டத்துக்குக் காயாகவே சேமியுங்கள். விதை ஈரம் 9 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். உச்சி வெயிலில் காயப்போடாதீர்கள். விதைக்கும் சமயத்தில் உரித்தால் போதும். ஈரமும் சூடும் கூடக்கூட விதையின் ஆயுள் குறையும்.

பத்து நாளும் ஒரு பழைய சாக்கும்தான் செலவு. விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே பார்த்துவிட்டால், மாற்று விதை தேட அவகாசம் இருக்கும்.