8 நாளில் மூளையை எட்டும் எச்.ஐ.வி.

எய்ட்ஸை 2030-க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக உலக நாடுகள் ஐ.நா.வில் உறுதியளித்துள்ளன. கெடு நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: ‘ரத்தத்தில் எச்.ஐ.வி. வைரஸ் கட்டுப்பாட்டில் இருந்தால் மூளையும் தப்பியதுதானே?’

பெரும்பாலோருக்கு ஆம். ஆனால், அரசுகள் சொல்லும் ‘கட்டுப்பாடு’ ரத்தத்தில் மட்டுமே அளக்கப்படுவது.

மூளைக்குள் எப்போது, எப்படி நுழைகிறது?

தொற்றிய சில நாள், வாரங்களுக்குள் கண்டறியப்பட்டவர்களிடம் பாங்காக்கில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. மூளையையும் சூழ்ந்திருக்கும் தண்டுவடத் திரவம் பரிசோதிக்கப்பட்ட 18 பேரில் 15 பேருக்கு அதில் வைரஸ் இருந்தது. மிக விரைவாகத் தென்பட்டது தொற்றிய சுமார் 8 நாளிலேயே.

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அதைக் கடந்துபோக வெள்ளை அணுக்களால் முடியும்; முக்கியமாக அவற்றுக்குள் பதுங்கித்தான் வைரஸ் உள்ளே போகிறது. அங்கே மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவில் குடியேறுகிறது. நரம்புச் செல்களை அது நேரடியாகப் பிடிப்பதில்லை. தொற்றுக்குள்ளான காவல் செல்கள் வெளிவிடும் அழற்சிப் பொருட்களும் வைரஸ் புரதங்களும்தான் அவற்றைச் சிதைக்கின்றன. வேலியே பயிரை மேய்கிறது.

வழக்கமான எதிர்ப்பொருள் சோதனையோ 3 வாரம் முதல் 3 மாதம் கழித்தே தொற்றைக் காட்டும். ‘ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தோம்’ என்று அறிவிக்கப்படும் பலருக்கும் மூளைக்குள் வைரஸ் ஏற்கெனவே நுழைந்திருக்கும்.

அறிகுறி தெரியுமா?

பாங்காக்கில் புதிதாகத் தொற்றிய 139 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், 53 சதவீதத்தினருக்கு மறதி, கவனக் குறைவு, அசைவில் மந்தம், கால் மரத்துப்போதல் போன்ற ஏதோ ஒன்று இருந்தது. பெரும்பாலும் லேசானவை, கூட்டு மருந்து தொடங்கிய ஒரு மாதத்தில் 90 சதவீத அறிகுறிகள் மறைந்தன.

மருந்து மூளையை எட்டுமா?

இப்போது தரப்படும் டோலுடெகிராவிர் தண்டுவடத் திரவம் வரை போகிறது.

வைரஸ் அடியோடு ஒழியுமா?

இல்லை, அடங்கியிருக்கும். மருந்தை நிறுத்தினால் மீண்டும் பெருகும்.

ரத்தத்தில் தெரியாமல் மூளையில் மட்டும் பெருகுமா?

அரிதாக நடக்கும். புதிதாக மறதியோ தடுமாற்றமோ வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே பரிசோதிப்பது?

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில், இலவசமாக. உதவி எண் 1097.

தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், தொற்றுக்கு வாய்ப்பான சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள்; தடுப்பு மருந்து உண்டு. தொற்று உறுதியானால் சிகிச்சையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.