வெண்பனியில் ஓர் இரவு

பனி என்றதும் நம்மவர்க்கு மார்கழி விடியலிற் புல் நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வரும். சற்றுக் கடுமையாகச் சொல்லவேண்டுமாயின், நுவரெலியாவிற் சில தைமாதக் காலைகளிற் புற்றரை வெளுத்துக் கிடப்பதைச் சொல்வோம். நானும் அவ்வளவே அறிந்தவனாய், 2018 ஆம் ஆண்டு மார்கழியிற் கனடாவுக்குச் சென்று, ரொறன்ரோவில் என் பள்ளித் தோழர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன்.

எங்களோடு ஒரே வாங்கிலிருந்து படித்த மற்றொருவர், அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வடக்கேயுள்ள சட்பரி நகரில் வாழ்ந்தார். இருதயத்திற் சத்திரசிகிச்சை முடிந்து அப்பொழுதுதான் வீடு திரும்பியிருந்தார். நான் ஊருக்குப் புறப்பட மூன்று நாட்களே இருந்தன. பயணத்தன்று வானொலி பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. நண்பர் தயங்கினார். "இவ்வளவு தூரம் வந்திட்டு அவனைப் பாக்காமல் போறதே?" என்று வற்புறுத்தியவன் நானே. இதனை மறைத்து எழுதுதல் முறையன்று.

பாரி நகர்வரை நல்ல வெயில். எச்சரிக்கையைப் பரிகசிக்கவும் தொடங்கிவிட்டேன். நண்பரோ புன்னகைக்கவில்லை. அந்நாட்டுப் பனியின் சூது அவருக்குத் தெரியும். வடமேற்கிலிருந்து வீசும் கடுங்குளிர்க் காற்று, இன்னும் உறையாத ஹூரன் ஏரியையும் அதன் கிளையாகிய ஜோர்ஜிய விரிகுடாவையும் கடக்கும்போது, அந்நீரின் வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொள்கின்றது. கரையேறியதும் அத்தனையையும் வெண்பனியாகக் கொட்டிவிடுகின்றது. ஒடுங்கிய பட்டிகளாகவே அது பொழிவதால், ஓர் ஊரில் வெயிலெறிக்க, அடுத்த ஊரில் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. ஏரி உறைந்தபின் இது தணியுமாம். ஆகவே, நீர் உறையாத மார்கழியே பொல்லாத மாதம்.

அப்படியொரு பட்டிக்குள் நாங்கள் நுழைந்தோம். நுழைந்தோம் என்பதைவிட, ஒரு வெள்ளைச் சுவர் எங்களை விழுங்கிற்று என்பதே பொருந்தும். வீதியும் வானும் ஒன்றாயின. குளிரிலும் இறுகாத இறப்பரினாற் செய்த மாரிகால ரயர்கள் பூட்டியிருந்தும் கார் வழுக்கிற்று. வீதிக்குத் தூவிய உப்பும், குளிர் மிகுந்துவிட்டால் வேலை செய்வதில்லை. பரி சவுண்ட் என்னும் ஊரை அடையுமுன்னரே, முன்னால் லொறிகள் மோதி வழியை அடைத்துவிட, பொலிசார் பாதையை மூடிவிட்டனர். மாலை ஐந்து மணிக்கே இருள் கவிந்துவிட்டது. எங்களுக்கு முன்னும் பின்னும் வாகனங்கள் நிரையாய் நின்றன.

நண்பர் கம்பளிகளையும் மெழுகுதிரியையும் ஒரு மண்வாரியையும் எடுத்து வைத்தார். மணித்தியாலத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம் மாத்திரம் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றுவார். ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிச் சென்று, புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியை வாரிவிட்டு வருவார். நள்ளிரவுக்குப் பின் களைத்துப்போய், அடுத்த முறையை என்னிடம் ஒப்படைத்து, பின்னாசனத்திற் சரிந்து உறங்கிவிட்டார்.

நேரம் வந்தது. வெளியே இறங்க மனம் வரவில்லை. "ஒருமுறைதானே" என்று எண்ணி, இறங்காமலே சாவியைத் திருப்பினேன். எஞ்சின் முனகிய ஓசையில் விழித்தவரின் கை, பின்னாலிருந்து பாய்ந்து என் மணிக்கட்டைப் பற்றியது.

"நிப்பாட்டு! கொல்லப் பாக்கிறியே, மச்சான்?"

நாற்பதாண்டு நட்பில் அவர் என்னோடு அப்படிப் பேசியதில்லை. இருவரும் இறங்கிப் பார்த்தோம். பனி பின்புறத்தில் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. குழாய் இருந்த இடமே தெரியவில்லை. வெளியேற வழியற்ற புகை காருக்குள்ளேதான் வந்திருக்கும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிற் பிராணவாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு மயக்கம். உறங்குகிறவனுக்கோ அந்த அறிகுறிகளும் தெரியா. 2022 டிசம்பரில் ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரைத் தாக்கிய பனிப்புயலில் 40 பேருக்கு மேல் இறந்தனர், அவர்களிற் சிலர் வாகனங்களுக்குள்ளேயே கிடந்தனர் என்று பத்திரிகையில் வாசித்தபோது, என் மணிக்கட்டை ஒருதரம் தடவிப் பார்த்தேன்.

அதன்பின் விடியும்வரை இறங்கியவன் நான்தான். கண்ணிமை மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காற்றுச் சற்று ஓய்ந்தவேளை நிமிர்ந்து நோக்கினேன். நிரையிலிருந்த வாகனங்கள் பலவற்றின் பின்னாலும் ஒவ்வொரு சிறு வெளிச்சம் குனிந்து குனிந்து எழுந்துகொண்டிருந்தது. முகமறியாத அம்மனிதர்களும் என்னைப்போலவே பனி வாரிக்கொண்டிருந்தனர்.

காலையிற் பனிவாரும் இயந்திரங்கள் வந்தன. நண்பகலுக்குப் பின் சட்பரியை அடைந்தோம். கதவைத் திறந்த தோழர் எங்களை வரவேற்கவில்லை, ஏசினார். "ரெண்டு பேருக்கும் மூளை கலங்கிட்டுதே? தைச்ச நெஞ்சு இன்னும் ஆறேல்லை. இரவு முழுக்க ரெலிபோனும் இல்லாமல் என்னை இப்பிடி ஏங்க வைச்சிட்டியள்!"

பிறகு தேநீர் வந்தது, பழைய கதைகளும் வந்தன. வழியில் நடந்தவற்றை நண்பர் ஒன்றுவிடாமல் விவரித்தார். புகைக்குழாய்க் கதையை மாத்திரம் அவர் சொல்லவேயில்லை.