செட்டிநாட்டுப் பண்ணைக்கு ஏற்ற பிக்கப் வண்டி

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், சாக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பூமி பெரும்பாலும் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்தது. வருஷத்தில் பல மாதங்கள் அது கல்லைப்போல் இறுகிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், கண்மாய்கள் பெருகிக் கலுங்குகள் வழியும். வயலுக்குப் போகும் பாதை சேறாக மாறிவிடும். தெற்கே இளையான்குடிப் பக்கத்துக் கரிசலில் நிலைமை இன்னும் கடினம். அம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை அங்கேயே நிறுத்திவிடும். இதே நிலச்சுவான்தாருக்கு மறுநாள் காலையில் புதுவயல் அரிசி ஆலைக்கோ மதுரைக்கோ தார்ச்சாலையில் விரைந்து போகவேண்டிய காரியமும் இருக்கும். இவ்விரண்டு வேலைகளையும் ஒரே வண்டி செய்யவேண்டுமென்று விரும்புகிறவர்கள், பணத்தைக் கட்டுவதற்கு முன் யோசிக்கவேண்டிய விஷயங்கள் பல உள.

பழைய நாளில் இவ்வேலையை மாட்டுவண்டி செய்தது. 1940-களின் இறுதியில் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய பின், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி இந்நாட்டுக் கிராமங்களுக்கும் வந்தது. ஆனால் அது ஆள் ஏறும் வண்டியே தவிர மூட்டை ஏறும் வண்டியன்று. 2005-ஆம் வருஷத்தில் டாட்டா ஏஸ் வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊர்ப்புறத்துச் சில்லறைப் பாரங்களுக்கு அது இன்றும் போதுமானது. ஓடைமணலிலும் சேற்றிலும் அதை இறக்குவது உசிதமன்று. அங்கே வேண்டுவது நடுத்தரப் பிக்கப் வண்டி. அதாவது, ஏணிபோன்ற கனத்த இரும்புச் சட்டத்தின் மேல் உடலும், பின்னால் பட்டைவில்லும், டீஸல் யந்திரமும் அமைந்தது.

இவ்வகையில் இன்று கிடைப்பவற்றை இரண்டு குலமாகப் பிரிக்கலாம். மஹிந்திரா பொலேரோ பிக்கப், பொலேரோ கேம்பர், 2017-இல் வந்த டாட்டா யோதா ஆகியவை ஒரு குலம். இவை பாரம் சுமப்பதற்கென்றே பிறந்தவை. கேம்பருக்கும் யோதாவின் ஒரு வகைக்கும் இரட்டை ஆசன வரிசை உண்டு. நான்கு சக்கர இழுவையுடனும் இவை விற்கப்படுகின்றன. ஆந்திரத்து ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகும் இசுசு வி-கிராஸ், 2022-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை மற்றொரு குலம். இவற்றின் யந்திரபலம் மிக அதிகம், ஹைலக்ஸில் 2.8 லிட்டர் யந்திரமும், பின்னச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் சாதனமும் உண்டு. உள்ளே உட்காருவதற்கு மோட்டார் காரைப்போலவே இருக்கும். ஆனால் விலை முந்தியவற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஏலக்கூடிய பாரமோ அவற்றைவிட வெகு குறைவு. வண்டியின் பெருமையைக் கண்டு இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. நெல்லும் தேங்காயும் எருவும் ஏற்றுவதே முக்கிய வேலையானால், விலையுயர்ந்த வண்டி அவ்வேலையைக் குறைவாகவே செய்யும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும்.

ஆகவே முதலாவது கணக்கு, பாரத்தின் கணக்கு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை ஒன்று 40 கிலோ. 25 மூட்டைகள் ஏறினால் 1,000 கிலோ ஆகிவிடும். கேம்பர் போன்ற இரட்டை ஆசன வண்டிக்கு அதுவே எல்லை. ஒற்றை ஆசன வரிசையுள்ள வண்டிகள் இதற்கு மேலும் தாங்கும். 2022-இல் வந்த யோதா 2.0 இரண்டு டன் வரையில் சுமக்கும் என்று கம்பெனியார் விளம்பரப்படுத்தினர். கண்மாய் வண்டலை வயலுக்கு அடிக்கும் காலத்தில்தான் தவறு மிகுதியாக நேர்கிறது. ஈரமான வண்டல் ஒரு கனமீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் நிறுக்கும். தொட்டியில் பாதியளவே நிரம்பியிருப்பதாகத் தோன்றும்போதே எல்லை கடந்துபோயிருக்கும். பட்டைவில் ஒடிவதும், பின்னச்சு வளைவதும், நிறுத்துங்கட்டை பிடிக்காமல் போவதும் இதனாலேயே. அன்றியும், 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். வண்டல் அடிப்பது டிராக்டர் டிப்பரின் வேலை என்று விட்டுவிடுவதே சிலாக்கியம்.

இரண்டாவது, நான்கு சக்கர இழுவை அவசியந்தானா என்பது. அனேகருக்கு அவசியமில்லை. பாதை மேடாகவும் செம்மண்ணாகவும் இருந்து, மழைக்காலத்தில் பத்து நாள் மட்டும் சங்கடமானால், இரு சக்கர இழுவை வண்டியே போதும். வெறும் வண்டியின் பின்னச்சில் கனம் இல்லாமையால் சேற்றில் சக்கரம் வீணே சுழலும். அச்சுக்கு நேர் மேலே நாலைந்து மணல் மூட்டைகளைப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஏறி வந்துவிடும். கரிசல் நிலத்தாருக்கும், ஆற்றுமணலைக் கடந்து தோப்புக்குப் போகிறவர்களுக்கும், கண்மாய்க் கரை உடைப்பைப் பார்வையிட இரவில் போகவேண்டிய கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் நான்கு சக்கர இழுவை வீண்செலவாகாது. அவ்வாறு வாங்குகிறவர்கள், மெதுவாக இழுக்கும் கீழ்க்கியர் அதில் இருக்கிறதா என்று கேட்டறியவேண்டும். இவ்வகை வண்டிகளில் நான்கு சக்கர இழுவையை உலர்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டலாகாது. திருப்பங்களில் முன்பின் சக்கரங்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பல்சக்கரங்களைக் கெடுக்கும். மாதம் ஒரு முறையாவது மண்பாதையில் அதைப் போட்டு எடுக்காவிட்டால், வேண்டும்போது அது விழாது.

தண்ணீரைப்பற்றி ஒரு வார்த்தை. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம் வரையில் இறங்கும் என்பது கம்பெனியாரின் கணக்கு. அது நின்ற நீருக்குச் சொன்னது. கலுங்கு வழிந்து தரைப்பாலத்தின்மேல் ஓடும் நீர் முழங்காலளவே ஆனாலும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கீழே பாலம் அரித்துப் போயிருப்பது மேலே தெரியாது. எவ்வளவு விலை கொடுத்த வண்டியாயினும் அவ்விடத்தில் காத்திருப்பதே தகும்.

மூன்றாவது விஷயத்தை விற்பனையாளர்கள் சாதாரணமாகச் சொல்லுவதில்லை. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதியின்படி, டீஸல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி பெரும்பாலும் அமைந்திருக்கிறது. யந்திரம் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அக்கரி எரிந்து தீரும். வீட்டிலிருந்து வயலுக்கு மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்புவதே வண்டியின் தினசரி வாழ்க்கையானால் வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கெரியும். யந்திரத்தின் பலம் குன்றும். கடைசியில் பெருஞ்செலவு வைக்கும். இதற்குப் பரிகாரம் எளிது. வாரம் ஒரு நாள், காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வரையிலோ அதற்கு மேலோ, நெடுஞ்சாலையில் நிற்காமல் அரைமணி நேரம் ஓட்டி வரவேண்டும். சந்தைக்குப் போகிற நாளையே இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

யாவற்றிலும் கவனிக்கத்தக்கது, தொட்டியில் ஆட்களை ஏற்றும் வழக்கம். நடவுக்கும் களையெடுப்புக்கும் பதினைந்து, இருபது பெண்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு போகும் வண்டிகளை எவரும் கண்டிருப்பர். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவர் பிரதிநிதியோ போவதைச் சட்டம் ஒப்புகிறது. அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பாதுகாப்பும் உண்டு. சும்மா ஏறி வரும் பிரயாணிகளுக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியைச் சேராது என்று 2002-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் செய்தது. அந்த ஈடு வண்டிக்காரர் தலையில் விழும். ஒரே விபத்தில் நிலமே போய்விடக்கூடும். உயிர் போனவர்களின் குடும்பத்துக்கோ, தீர்ப்புக் கிடைத்தாலும் கைக்குப் பணம் வந்து சேருவது நிச்சயமில்லை. தினந்தோறும் நாலு பேரை அழைத்துப் போகவேண்டியவர்கள், பாரம் சற்றுக் குறைந்தாலும் இரட்டை ஆசன வண்டியை வாங்கி, பதிவுப் புத்தகத்தில் கண்ட ஆசனங்களுக்கு இன்ஷூரன்ஸ் பத்திரமும் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். அதற்கு மேற்பட்ட ஆட்களுக்கு வேன் பேசுவதே முறை.

பதிவு, லைசென்ஸ் சம்பந்தமாகச் சில குறிப்புகள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டுவதில்லை. ஆகவே இரண்டு வண்டிகளில் எதை எடுப்பதென்று தயங்கும்போது, இவ்வெல்லைக்குள் அடங்குவது எதுவென்று பார்ப்பது நலம். மொத்த எடை 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண இலகு மோட்டார் லைசென்ஸ் உடையவரே ஓட்டலாமென 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சு தீர்மானித்துவிட்டது. ஆகையால் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுவதற்குத் தடையில்லை. வி-கிராஸ், ஹைலக்ஸ் வண்டிகளைச் சொந்த உபயோகத்துக்கென்று வெள்ளைப் பலகையில் பதிவு செய்து வைத்திருப்போர், பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றலாகாது.

டயரை வண்டிக்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிடக்கூடாது. சிவகங்கைச் சீமையில் சீமைக்கருவேல் இல்லாத பாதை அரிது. அதன் முள் சாதாரணக் கார் டயரின் பக்கச்சுவரை எளிதில் துளைத்துவிடும். பாரவண்டிக்கென்று செய்த, அடுக்கு மிகுந்த டயரையே கேட்டு வாங்கவேண்டும். மாற்றுச் சக்கரமும், பலகையொன்றை அடியில் வைத்து நிறுத்தக்கூடிய ஜாக்கியும் எப்போதும் வண்டியில் இருக்கவேண்டும். ஜாக்கியை வெறுஞ்சேற்றில் வைத்தால் அது மண்ணுக்குள் போகுமேயன்றி வண்டி எழும்பாது. சிறாவயல் மஞ்சுவிரட்டு போன்றவற்றுக்குக் காளை ஏற்றிப் போகிறவர்கள், தொட்டியின் இரும்புத் தரையில் மணலும் வைக்கோலும் பரப்பாமல் மாட்டை ஏற்றலாகாது. ஒரு திருப்பத்தில் கால் வழுக்கினால் தொடையெலும்பு முறியும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதைக் காட்டிலும் அடியில் படுத்துப் பார்ப்பது மேல். சட்டத்தில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா, பட்டைவில்லில் கூடுதல் தகடு செருகியிருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். இருந்தால் அது மணலோ கல்லோ சுமந்து நொந்த வண்டி. பிறகு நான்கு சக்கர இழுவையைப் போடச் சொல்லி, உழுத வயலில் இருபது கஜம் ஓட்டிப் பார்க்கவேண்டும். விற்கிறவர் அதற்கு இணங்காவிட்டால், வேறு வண்டி பார்க்கலாம்.