‘இப்போ மலை ஏறாதீங்க!’ - சேற்றுக் காலத்தில் ‘நோ’ சொல்லும் ட்ரெக்கிங் கிளப்

ட்ரெக்கிங் கிளப் என்றால் என்ன செய்யும்? வாட்ஸ்அப் குரூப்பில் மலை போட்டோ போடும். தேதி சொல்லும். ‘யாரெல்லாம் வர்றீங்க?’ என்று கேட்கும். ஆனால், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் ஒரு கிளப், வருடத்தில் சுமார் இரண்டு மாதங்கள் ‘தயவுசெய்து மலைப்பக்கம் வராதீங்க’ என்று கேட்டுக்கொள்கிறது. அதுவும் நீண்ட பனிக்காலம் முடிந்து, வெயில் எட்டிப் பார்த்து, எல்லோரும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பத் துடிக்கும் நேரத்தில்!

ஏன் என்று பார்ப்பதற்கு முன், அந்த கிளப்பைப் பற்றி ஒரு குட்டி அறிமுகம்.

மூடுபனியில் தோன்றிய ஐடியா

ஜேம்ஸ் டெய்லர் என்பவர் வெர்மான்ட்டில் ஒரு பள்ளியின் உதவித் தலைமையாசிரியர். மாணவர்களை மலைக்கு அழைத்துப்போக ஆசைப்பட்டார். ஆனால், சரியான பாதைகளே இல்லை. ஸ்ட்ராட்டன் மலையில் மூடுபனி விலகட்டும் என்று அவர் காத்திருந்த நேரத்தில்தான் ‘மாநிலத்தின் மலைகளை எல்லாம் இணைத்து ஒரே பாதை போட்டால் என்ன?’ என்று தோன்றியதாகச் சொல்வார்கள்.

1910 மார்ச் 11 அன்று பர்லிங்டன் நகரில் 23 பேர் கூடினார்கள். ‘கிரீன் மவுன்டன் கிளப்’ பிறந்தது. அடுத்த 20 வருடங்கள் மரம் வெட்டி, கல் புரட்டி, 1930-ல் பாதையை முடித்தார்கள். பெயர் ‘லாங் டிரெய்ல்’. மாசசூசெட்ஸ் எல்லையில் தொடங்கி கனடா எல்லை வரை 272 மைல், அதாவது சுமார் 438 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிளம்பி மதுரையை நெருங்கும் தூரம். அதை மலைமேலேயே நடந்து போவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்!

பாதை முழுமையாவதற்கு முன்பே, 1927-ல், ஹில்டா கர்த், கேத்லீன் நாரிஸ், கேத்தரின் ராபின்ஸ் என்ற மூன்று பெண்கள் அப்போதிருந்த பாதை முழுவதையும் ஆண் துணை இல்லாமல் நடந்து முடித்தார்கள். பத்திரிகைகள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘த்ரீ மஸ்கட்டியர்ஸ்’.

வசந்தம்: சேறுதான் வில்லன்

சரி, விஷயத்துக்கு வருவோம். வெர்மான்ட்டில் வருடத்துக்கு ஐந்தாவதாக ஒரு பருவம் உண்டு என்பார்கள். அதுதான் ‘மட் சீசன்’, சேற்றுக் காலம். மார்ச் கடைசியில் தொடங்கி மே கடைசி வாரம் வரை நீளும்.

மேலே பனி உருகும். ஆனால், மண்ணுக்கு அடியில் இன்னும் உறைந்தே இருக்கும். உருகிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேல்மண் களியாகிவிடும். அதில் ஒரு ஷூ பதிந்தால் பள்ளம். பள்ளத்தில் தண்ணீர் ஓடினால் மண் அரிப்பு. அதைவிட மோசம், ஷூ அழுக்காகக் கூடாது என்று சேற்றைச் சுற்றிப் போவது. ஒருவர் சுற்றினால் அடுத்தவரும் சுற்றுவார். ஓரத்துச் செடிகள் மிதிபட்டுச் சாகும். ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதை அளவுக்கு அகலமாகிவிடும்.

அதனால்தான் அந்த ‘நோ’. வீட்டிலேயே முடங்கச் சொல்லவில்லை. தாழ்வான, காய்ந்த பாதைகளில் நடங்கள், கிராமத்து மண் சாலைகளில் நடங்கள், மேலே மட்டும் போகாதீர்கள் என்கிறார்கள். வழியில் சேறு வந்தால் திரும்பிவிட வேண்டும். திரும்பவே முடியாது என்றால் சேற்றின் நடுவிலேயே கால் வைத்துப் போக வேண்டும்!

இதே காலத்தில்தான் பெரிக்ரின் வல்லூறுகள் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும். குஞ்சுகள் பறக்கும்வரை சில பாறை முகடுகளுக்கு யாரும் போக முடியாது.

கோடை: புல் என்று நினைத்து மிதிக்காதீங்க

வெர்மான்ட்டின் உயரமான மலை மான்ஸ்ஃபீல்ட், 4,393 அடி. அதன் உச்சியில் சுமார் 200 ஏக்கர் பரப்பில் ஓர் ஆச்சர்யம் இருக்கிறது. பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் வடக்கே பின்வாங்கியபோது, குளிர்தேசத்துச் செடிகள் சில மலை உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டன. இன்னொரு மலையான கேமல்ஸ் ஹம்ப்பில் மிஞ்சியிருப்பது சுமார் 10 ஏக்கர்தான்.

பெரும்புயலையும் உறைபனியையும் தாங்கும் இந்தச் செடிகளால் மனிதக் காலடியைத் தாங்க முடியாது. பார்க்கச் சாதாரணப் புல் மாதிரி இருப்பதால், பலர் அதன்மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார்கள். அதைத் தடுக்கவே கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கிளப்பின் காவலர்கள் உச்சியில் இருக்கிறார்கள். அவர்கள் அபராதம் போடுவதில்லை. சிரித்த முகத்தோடு ‘பாறைமேல் கால் வைத்துப் போங்கள்’ என்று சொல்லி, காரணத்தையும் விளக்குவார்கள்.

இன்னொரு பக்கம், வாலன்டியர்கள் கல்லை நெம்பிப் படிக்கட்டு அமைப்பார்கள். மழைநீர் பாதையில் ஓடாமல் ஓரமாக வடிய வழி செய்வார்கள். ஈர நிலங்களின்மேல் பலகைப் பாலம் போடுவார்கள். வழியில் சுமார் 70 இடங்களில் இரவு தங்கலாம். அங்கே கழிப்பறையையும் பராமரிக்க வேண்டும். கழிவை மலையிலேயே மக்கச் செய்யும் கழிப்பறைகள் வைத்திருக்கிறார்கள். போட்டோவில் வராத வேலை. ஆனால், கீழே ஓடும் ஓடைகள் சுத்தமாக இருக்க இதுதான் காரணம்.

இலையுதிர் காலமும் பனிக்காலமும்

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் மலை முழுக்கச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். கூட்டமும் அப்போது அதிகம். நவம்பரில் இலைகள் கொட்டி வெறும் குச்சிகள் நிற்கும். அதனால் அதற்கு ‘ஸ்டிக் சீசன்’ என்றே பெயர். மான் வேட்டைக்கு அனுமதி இருக்கும் நேரம் என்பதால், நடப்பவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு உடை போட்டுக்கொள்வார்கள்.

பனிக்காலத்தில் ‘ஸ்னோஷூ’ கட்டிக்கொண்டு நடை. வெறும் ஷூவோடு போனால் கால் புதைந்து குழி விழும். அது இறுகிப்போனால் பின்னால் வருபவரின் கணுக்காலுக்கு ஆபத்து.

பாதைக்கு அடியில் யாருடைய நிலம்?

1980-களில் கிளப்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. வடக்கு வெர்மான்ட்டில் பாதை அப்போது பல இடங்களில் தனியார் காடுகள் வழியாகத்தான் போனது. அந்த நிலங்கள் விற்பனைக்கு வரத் தொடங்கின. வாங்குபவர் வேலி போட்டால் பாதை துண்டாகிவிடும். அதுவரை நில உரிமையாளர்களின் நல்ல மனதை நம்பியே பாதை ஓடிக்கொண்டிருந்தது.

1986-ல் நிதி திரட்டத் தொடங்கினார்கள். சில நிலங்களை வாங்கினார்கள். சிலவற்றில், நிலம் உரிமையாளரிடமே இருக்கும், ஆனால் கட்டடம் கட்டவோ, பாதையை அடைக்கவோ கூடாது என்று சட்டப்படி பத்திரம் போட்டார்கள். இப்படி இதுவரை காப்பாற்றியது 25,000 ஏக்கருக்கும் மேல். இன்னும் சில மைல்கள் பாக்கி, வேலை ஓயவில்லை.

மலையை நேசிப்பவர்களின் கால்களே மலையைத் தேய்க்கவும் செய்கின்றன. இதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, தன் உறுப்பினர்களிடமே ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்வதுதான் இந்த கிளப்பின் பெரிய பலம்.

அடுத்த முறை நீங்கள் மலை ஏறும்போது வழியில் சேறு வந்தால், சுற்றிப் போகாதீங்க. நடுவிலேயே நடங்க. ஷூவை வீட்டுக்கு வந்து கழுவிக்கொள்ளலாம்!