இடுக்கில் ஒரு துளை

சமையலறை அலமாரியின் மூலையில் திருகாணி போட, டிரில் மெஷினோடு அப்பா போராடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளை விழ வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் மெஷினின் உடம்பு பக்கத்துச் சுவரில் முட்டுகிறது. கடைசியில் மெஷினைச் சாய்த்துப் பிடித்து எப்படியோ துளைத்துவிடுவார். திருகாணி கோணலாக இறங்கும். அலமாரிக்கு அது போதும். அதே துளை விமானத்தின் இறக்கையில் விழுந்தால்?

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மாணவர்களே. கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமராட்சன், தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் பாகங்களை வாங்கி, கோவிட் முடக்க காலத்தில் இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே நான்கு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். 2022-இல் அது பறந்தது.

இத்தகைய விமானங்கள் பலவற்றின் இறக்கை மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆனது. உள்ளே மீனின் விலா எலும்புகளைப்போல வரிசையாக விலாக்கள். எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான ரிவெட் ஆணிகள் பிணைக்கின்றன. இன்று பெரும்பாலான துளைகள் ஆலையிலேயே போடப்பட்டு வருகின்றன. ஆனாலும் விலாவின் மூலையிலும், வால் பகுதியின் குறுகலிலும் கட்டுபவரே துளைக்க வேண்டிய இடங்கள் மிஞ்சும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பயிற்சிப் புத்தகத் தாளில் ஒரே அகலமான இரண்டு கீற்றுகளை வெட்டுங்கள். இரண்டின் நடுவிலும் பன்ச் மெஷினால் துளையிடுங்கள். ஒன்றின் துளை விளிம்பில் மட்டும் கத்தரிக்கோலால், தாளின் நீளத்துக்குக் குறுக்காக, மிகச் சிறிய வெட்டு. இப்போது இரண்டையும் இழுங்கள். வெட்டுப்பட்டது சீக்கிரம் கிழியும். இழுக்கப்படும் அகலமான தகட்டில் ஒரு சிறு வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு ஏறக்குறைய மூன்று மடங்கு. பிசிறோ கீறலோ இருந்தால் இன்னும் அதிகம்.

இது வெறும் பாடநூல் கணக்கு அல்ல. 1954 ஜனவரி 10-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த காமெட் ஜெட் விமானம், ரோமிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தனர். கடலடியிலிருந்து எடுத்த பாகங்களை ஆராய்ந்தபோது, மேற்கூரையில் ஆன்டெனாவுக்கான சாளரத்தின் மூலையருகே, ஓர் ஆணித் துளையின் விளிம்பில் விரிசல் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு பயணத்திலும் காற்றழுத்தம் ஏறி இறங்க, உலோகம் களைத்துப்போயிருந்தது. சிறு விமானங்களில் அந்த அழுத்தம் பொதுவாக இல்லை. ஆனால் இறக்கை வளைகிறது, எஞ்சின் அதிர்கிறது.

ஆகவே இடுக்கில் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘இது உள்ளே நுழையுமா?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘தகட்டுக்குச் செங்குத்தாக நிற்குமா?’ என்பதே முதல் கேள்வி. 2.5 மில்லிமீட்டர் பிட்டை 30 பாகை சாய்த்தால், துளை 2.9 மில்லிமீட்டர் நீள்வட்டமாகும் (2.5-ஐ கொசைன் 30-ஆல் வகுத்துப் பாருங்கள்). ரிவெட்டின் தலையும் தகட்டில் சரியாகப் படியாது.

நம் தோட்டத்துப் பாட்டிமார்களுக்கு இது புதிதல்ல. பால்மரம் சீவும் கத்தியின் நுனி ஏன் வளைந்திருக்கிறது? கை வசதியான இடத்தில் இருக்க, வெட்டும் முனை பட்டையைச் சரியான கோணத்தில் தொட வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும்.

கோண டிரில் தலையும் அப்படித்தான். உள்ளே இரண்டு கூம்புப் பல்சக்கரங்கள் சுழற்சியை 90 பாகை திருப்பிவிடும். அதில் மிகக் குட்டையான பிட்டைத் திருகிப் பொருத்தினால், மெஷின் தகட்டுக்கு இணையாகக் கிடக்க, பிட் மட்டும் செங்குத்தாக இறங்கும். தலையை மறு கையால் பிடிக்காவிட்டால் அது திரும்பிக்கொள்ளும். என் தேர்வு பெரும்பாலும் இதுவே.

அடுத்தது 30 சென்டிமீட்டர் நீளப் பிட். மெஷின் வெளியே நிற்கும், பிட் மட்டும் இடுக்குக்குள் எட்டும். மெல்லிய கம்பி என்பதால் வளையும். அதன்மேல் ஒரு சிறு குழாயைச் செருகி, அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டால் நேராக நிற்கும். முனை தகட்டைத் தொடும் முன்னே வேகமாகச் சுழற்றினால் சாட்டைபோல் அடிக்கும், ஜாக்கிரதை.

வளையும் தண்டும் உண்டு. பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் வேகமானிக்குப் போகும் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கும் நுழையும், ஆனால் முனையை நிலையாகப் பிடிப்பது கடினம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

இவை எல்லாவற்றையும்விட மலிவான கருவி ஒன்று இருக்கிறது: வரிசை. மூடும் தகட்டைப் பொருத்துவதற்கு முன்பே துளைத்துவிட்டால் இடுக்கே இல்லை. கட்டுபவர்கள் வரைபடத்தின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

துளைத்த பிறகு விளிம்பில் பிசிறு நிற்கும். அதை நீக்க, துளையைவிடப் பெரிய பிட் ஒன்றை விரலால் பிடித்து லேசாக இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். மெஷின் வேண்டாம்.