நிறுத்தலும் எடுத்தலும்: ஓர் ஆங்கில வினையும் தமிழ் நேர்ச்சொற்களும்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் எளிய வினைகளுள் 'வெய்' என்பதும் ஒன்று. பள்ளி மாணவரும் இதன் பொருளை 'நிறுத்தல்' எனத் தயங்காது கூறுவர். அவ்விடை பிழையன்று; ஆயினும் நிறைவுடையதன்று. இவ்வினை வரும் இடந்தோறும் 'நிறுத்தல்' என்றே பெயர்த்துச் செல்வோமாயின், சிலவிடத்துப் பொருள் மங்கும். சிலவிடத்துத் தலைகீழாகவே மாறிவிடும். சென்னைத் துறைமுகம், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாய் வடக்கு நோக்கி நீளும் பகுதியில், கப்பலும் சுமையுந்தும் மீன்கூடையும் எடையாலேயே மதிக்கப்பெறுகின்றன. ஆண்டு வழங்கும் வழக்குகளைத் துணையாகக் கொண்டு, இவ்வினைக்குரிய தமிழ் நேர்ச்சொற்களை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கில வினையின் வரலாறு

இன்று எடை காண்டலைக் குறிக்கும் இவ்வினை, பழைய ஆங்கிலத்தில் 'வெகன்' என நின்று, சுமத்தல், கொண்டு செல்லுதல், அசைத்தல் ஆகிய பொருள்களையும் தந்தது. செருமானிய மொழியில் வண்டியைக் குறிக்கும் 'வாகன்' என்பதும், இலத்தீனில் ஏற்றிச் செல்லுதலைக் குறிக்கும் 'வெகெரே' என்பதும், வடமொழியில் சுமத்தலைக் குறிக்கும் 'வஹ்' என்பதும் இதற்கு இனமாவன என்பது மொழிநூலார் துணிபு. வடமொழி வழியாகத் தமிழில் புகுந்த 'வாகனம்' என்னும் சொல்லும் இக்குடியைச் சேர்ந்ததே. எனவே, இவ்வினையின் முதற்பொருள் சுமந்து செல்லுதல். சுமக்குங்கால் தூக்குதல் நிகழ்தலின் தூக்குதல் அதன் வழிப்பொருள். தூக்கியே கனம் அறிதலின் நிறுத்தல் அதன்பின் தோன்றிய பொருள் எனக் கொள்ளலாம்.

தூக்குதல் என்னும் பழம்பொருள் ஆங்கிலத்தில் இன்றும் அழியாது நிற்குமிடம் ஒன்றுண்டு. அது கப்பலோட்டிகளின் மொழி. நங்கூரத்தைக் கடலடியினின்று மேலெடுத்தலை அவர்கள் இவ்வினையாலேயே கூறுவர். ஆண்டு எவரும் நங்கூரத்தின் எடையைக் காண முற்படுவதில்லை. நங்கூரம் தரையை விட்டெழுந்து சங்கிலியில் தொங்கும் நிலைக்கு 'அவெய்' என்பது பெயர். அந்நொடியில் நங்கூரத்தின் முழுக்கனமும் சங்கிலியின்மேல் வந்து பொருந்துகின்றது. தூக்குதலும் கனம் உணர்தலும் ஒருசேர நிகழும் இடம் அஃது. பொதுவழக்கில் மறைந்த பொருள் தொழில்வழக்கில் வாழ்தல் எல்லா மொழிகட்கும் இயல்பே.

தமிழில் நான்கு வழிகள்

தமிழில் எடை காண்டலைக் குறிக்கும் சொற்கள் ஒரு வேரினின்று தோன்றியவை அல்ல. அவற்றுள் தலையாயவை நான்கினைக் காண்போம்.

முதலாவது 'நிறு' என்பது. நிறுத்தான், நிறுக்கின்றான், நிறுப்பான் என இது வரும். நிலைபெறச் செய்தல் என்னும் பொருளும் இதற்குண்டு. நிலைமொழியைத் தொல்காப்பியர் 'நிறுத்த சொல்' எனக் குறித்தமை ஈண்டு நினையத்தக்கது. கோலின் இருபுறமும் ஏறியும் இறங்கியும் அசைந்து, முடிவில் அசைவற்று நிற்றலே எடையைக் காட்டும் அடையாளம். ஆதலின் 'நிறு' என்பது நிறுக்குஞ் செயலின் முடிவை நோக்கிப் பிறந்த சொல் என்று கொள்ள இடமுண்டு.

இரண்டாவது 'எடு' என்பது. இதனின்று பிறந்ததே 'எடை'. அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படுத்தும் மரபில் நிறையளவைக்கு 'எடுத்தல்' என்றே பெயர் வழங்குகின்றது. தொல்காப்பிய உரைகாரர் எழுவகை அளவைகளைச் சுட்டுமிடத்து 'நிறுத்தளத்தல்' என்பர். ஒரே அளவையை ஒரு மரபு முடிவினாலும் மற்றொரு மரபு தொடக்கத்தினாலும் பெயரிட்டது என்க. மேலெடுத்தல் தொடக்கம், அசைவற்று நிற்றல் முடிவு.

மூன்றாவது 'தூக்கு' என்பது. மேலெடுத்தல், தொங்கவிடுதல், நிறுத்தல், ஆராய்தல் ஆகிய நான்கு பொருளும் இதற்குண்டு. திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலை உவமையாக்குமிடத்து இவ்வினையைச் 'சீர்' என்பதனோடு கூட்டி வழங்கினார். வலியறிதல் அதிகாரத்தின் முதற்குறளிலோ, கோலின்றியே, வினைவலி முதலியவற்றை ஆராய்தற்பொருளில் இதனை ஆண்டார். அவ்வதிகாரத்திலேயே, மயிற்பீலியாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தும் வருகின்றது. ஆராய்தற்பொருளும் சுமைப்பொருளும் ஓர் அதிகாரத்துள் இயைந்து நிற்கும் அழகு கருதத்தக்கது. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாகத் 'தூக்கு' என்பதனை எண்ணினார். பதிற்றுப்பத்தின் பாட்டுக் குறிப்புகளும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் எனப் பாட்டுதோறும் வகுத்துரைக்கும். ஓசையையும் நிறுத்தறியும் பொருளாகக் கருதியது தமிழ் மரபு.

நான்காவது 'கா' என்பது. தோளில் வைத்துச் சுமக்கும் தண்டிற்கு இது பெயர். 'காவுதல்' என்னும் வினையும் 'காவடி' என்னும் சொல்லும் யாவரும் அறிந்தவை. இதுவே ஒரு நிறையின் பெயராகவும் வந்தது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத் தொகைமரபில், 'பனை' என்பதனை அளவுப்பெயராகவும் 'கா' என்பதனை நிறைப்பெயராகவும் எடுத்தோதுகின்றார். அளவுக்கும் நிறைக்கும் மொழிமுதலாகும் எழுத்துகள் ஒன்பது என்று அவர் வரையறுத்தமையும் இதனை அடுத்தே வருகின்றது. 'கா' என்பதனை 100 பலம் கொண்ட துலாம் என விளக்குவர். சுமையின் பெயராகிய 'பாரம்' என்பதும் இவ்வாறே ஒரு நிறையளவின் பெயராயிற்று.

ஒப்புமை

இந்நான்கனுள் 'கா' என்பது ஆங்கில வினையின் வரலாற்றோடு மிகவும் ஒத்துச் செல்கின்றது. இரண்டும் சுமத்தலிற் பிறந்து நிறையில் முடிந்தவை. 'தூக்கு' என்பதோ இலத்தீனின் 'பெந்தெரே' என்னும் வினையை ஒக்கும். அதுவும் தொங்கவிடுதல், நிறுத்தல், ஆராய்தல் எனப் பொருள் விரித்தது. ஆழ்ந்து எண்ணுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'பாண்டர்' அக்குடியினது. வடமொழித் 'துல்' என்பதும் மேலெடுத்தலும் நிறுத்தலும் ஆகிய இருபொருளுடையது. துலா, துலாம், துலாக்கோல் என்னும் வடிவங்கள் அதன் வழிவந்தவை. கிணற்றேற்றத்தின் நெடுமரத்தையும் 'துலா' என்றழைப்பது அதன் மேலெடுத்தற்பொருளுக்குச் சான்றாகும்.

இம்மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று பொருள்விரிவைக் கடன் பெற்றன எனக் கொள்ளவேண்டுவதில்லை. கையால் தூக்கியே மனிதன் முதலிற் கனம் அறிந்தான். அவ்வுடற்செயல் எங்கும் ஒன்றாதலின் சொல்வளர்ச்சியும் ஒத்தது. வேறுபாடு எங்கே எனின், ஆங்கிலம் தூக்குதல் முதல் ஆராய்தல் வரை அனைத்தையும் ஒரு வினையிலேயே ஏற்றி வைத்தது. தமிழ் அவற்றைப் பல வினைகட்குப் பகிர்ந்தளித்தது. மொழிபெயர்ப்பாளர் எதிர்ப்படும் இடர் இதனால் விளைவதே.

துறைமுக வழக்கு

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு நங்கூரத் தொடரேயாம். 'வெய்' என்பதற்கு 'நிறுத்தல்' என்றே அகராதியில் கண்ட ஒருவர், அத்தொடரை 'நங்கூரத்தை நிறுத்தல்' எனப் பெயர்ப்பாராயின், படிப்போர் கப்பலை ஓரிடத்து நிற்கச்செய்தல் என்றே கொள்வர். 'நிறு', 'நிறுத்து' ஆகிய இருவினைகளின் தொழிற்பெயரும் 'நிறுத்தல்' என்றே முடிதலின் இம்மயக்கம் நேர்கின்றது. புறப்படுதற்குரிய கட்டளை நிற்றற்குரிய கட்டளையாகிவிடும். மக்கள் வழக்கிலோ இம்மயக்கம் இல்லை. நங்கூரம் இடுதல், போடுதல், பாய்ச்சுதல் என்பன நிற்றற்கும், நங்கூரம் எடுத்தல், தூக்குதல் என்பன புறப்படுதற்கும் உரியனவாய் வழங்குகின்றன. எடை காண்டற்குரிய 'எடு', 'தூக்கு' என்னும் வினைகளே ஈண்டும் வருதல் நோக்கத்தக்கது. எடுத்தற்பொருளைத் தமிழ் எவ்விடத்தும் கைவிடவில்லை என்பதற்கு இது சான்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு, ஒருபொருள் இத்துணை எடையுடையது எனக் கூறும் இடம். ஆங்கிலத்தில் மூட்டையை நிறுக்கும் மனிதனுக்கும், நிறுக்கப்படும் மூட்டைக்கும் வினை ஒன்றே. தமிழில் அவ்வாறன்று. 'இம்மூட்டை 50 கிலோ எடைபோடுகின்றது' என எழுதுவது மூட்டையையே நிறுப்போனாக்கிவிடும். காசிமேட்டு மீன்துறையில் கூடையின் எடையைக் கூறுவோர் இவ்வளவு இருக்கும், வரும், தேறும் என்பர். கிலோவுக்கு இத்தனை நிற்கும் என்னும் வழக்கும் உண்டு. 'நிறு' என்பதன் பொருளை 'நில்' என்னும் வினை இங்ஙனம் மீண்டும் ஏற்பது மேற்கூறிய சொற்பிறப்புக் கருத்துக்கு அரண் செய்கின்றது.

மூன்றாவது, மனத்தின்மேல் ஏற்றிக் கூறும் இடம். கவலை மனத்தை 'வெய்' செய்கின்றது என ஆங்கிலர் கூறுவதனைத் தமிழர் மனம் கனக்கின்றது, நெஞ்சை அழுத்துகின்றது, பாரமாயுள்ளது என்பர். ஈண்டு நிறுத்தற்சொல் பொருந்தாது, சுமைச்சொல்லே பொருந்தும். சொல்லை நிறுத்துப் பேசுதல் என ஆங்கிலர் கருதுமிடத்துத் தமிழில் பெருவழக்காயிருப்பது 'அளந்து பேசுதல்' என்பதே. அளந்து பேசுதல் அடக்கத்தைக் குறிக்க, 'அளக்கின்றான்' என வாளா கூறுதல் சென்னைப் பேச்சில் மிகைபடக் கூறுதலைக் குறிக்கும். 'வெயிட்டு' என்னும் கடன்சொல்லும் அப்பேச்சில் கனத்தை மட்டுமன்றி ஒருவரது செல்வாக்கையும் குறித்து வழங்குகின்றது.

எடையும் நிறையும்

இனி, சொல்லாட்சியிற் பிறழ்ச்சி உயிர்க்கும் பொருட்கும் கேடாகும் இடம் ஒன்றுண்டு. சென்னைப் பகுதியில் முன்னர்ப் பலம், வீசை, மணங்கு, கண்டி என்னும் நிறைகள் வழங்கின. 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. 20 மணங்கு ஒரு கண்டி. சென்னை மணங்கு 25 பவுண்டும் கண்டி 500 பவுண்டும் ஆகும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் முறை வந்தபின் கிலோவும் டன்னும் அவற்றின் இடத்தைக் கொண்டன. அளவுகள் மாறியபோதும் 'எடை' என்னும் சொல் மாறவில்லை. எடைமேடை, எடைச்சீட்டு, மொத்த எடை, நிகர எடை என்பன இன்று சுமையுந்து ஓட்டுநர் யாவரும் அறிந்த சொற்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமும் தமிழில் 'சட்டமுறை எடையளவுச் சட்டம்' என்றே வழங்குகின்றது.

பாடநூல்களோ ஒரு வேறுபாட்டை வற்புறுத்துகின்றன. பொருளில் அடங்கிய பருமையின் அளவு 'நிறை'. புவி அதனை ஈர்க்கும் விசை 'எடை'. பழந்தமிழில் ஒருபொருட்கிளவிகளாய் நின்ற இரண்டும் அறிவியற்றமிழில் பிரிந்தன. கப்பலிலேற்றும் ஒவ்வொரு சரக்குப்பெட்டகத்தின் மொத்த நிறையும் சரிபார்க்கப்பெற்று, ஏற்றுமுன்னரே அறிவிக்கப்பெறல் வேண்டும் என்பது 2016 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டு விதி. பெட்டகத்தைச் சரக்குடன் நிறுத்தலாம்; அன்றேல் உள்ளிடும் பொருள்களைத் தனித்தனியே நிறுத்துப் பெட்டகத்தின் நிறையைக் கூட்டலாம். பொய்யான அளவைக் கூறின் அடுக்குச் சரியவும் கப்பல் நிலைகுலையவும் கூடும். இவ்விதியின் ஆங்கில மூலத்தில் உள்ள பெயர் 'நிறை'க்குரியது. வினையோ 'வெய்' என்பதே. ஆதலின் தமிழில் 'நிறையை நிறுத்தறிதல்' என எழுதுதல் மூலத்திற்கு ஒத்ததாகும். எடைமேடையில் நின்று சீட்டுப் பெறும் தொழிலாளிக்கோ 'எடை' என்பதே விளங்கும். நூல்வழக்கிற்கு நிறையும் பணிவழக்கிற்கு எடையும் கொண்டு, அறிவிப்பின் தொடக்கத்தில் இரண்டனையும் இணைத்து ஒருமுறை விளக்கிவிடுதல் தக்கது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: 'வெய்' என்னும் வினைக்குத் தமிழில் ஒரே நேர்ச்சொல் தேடுதல் பயனற்ற முயற்சி. எடை காண்டற்கு நிறு, நங்கூரத்திற்கு எடு, தூக்கு, ஆராய்தற்குச் சீர்தூக்கு, துன்பத்திற்கு அழுத்து, கன, ஒருபொருளின் எடையைக் கூறுதற்கு இரு, வா, தேறு என இடமறிந்து வழங்கல் வேண்டும். எவ்விடத்து எச்சொல் எனத் துணிதற்கு, அவ்விடத்து நிகழும் செயல் சுமத்தலோ, மேலெடுத்தலோ, அசைவற்று நிற்றலோ என வினவுதலே போதிய கருவி.

அகராதிகள் பெரும்பாலும் நூல்வழக்கைத் தொகுத்தன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்த காலத்தில் சரக்குப்பெட்டகமும் இல்லை. 2001இல் தொடங்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகமும் இல்லை. மீன்துறையிலும் எடைமேடையிலும் பெட்டக முனையத்திலும் வழங்கும் எடைச்சொற்களை, அவை மறையுமுன், பொருளும் இடமும் குறித்துத் தொகுப்பது முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அத்தொகுப்பு, துறைமுக அறிவிப்புகளைத் தமிழில் ஆக்குவோர்க்கு உடனடிப் பயன் தரும் என்பது நம் துணிபு.